செயற்கைக்கோள் வானொலியும் கார் நிறுவனங்களும்

செயற்கைக்கோளிலிருந்து நேரடியாக ஒலிபரப்பாகும் சந்தா வானொலியைப் புதிய கார்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்பதற்காக, வானொலி நிறுவனங்கள் கார் உற்பத்தியாளர்களோடு நீண்டகால ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. 1999இல் தொடங்கிய இந்த ஏற்பாடு முழுமையாக வேரூன்றிய இடம் வட அமெரிக்காதான். டயர், பேட்டரி, கண்ணாடி என எதைச் செய்து கொடுத்தாலும் கார் கம்பெனியிடம் விலை வாங்குவதுதான் உதிரிபாகத் தொழிலின் வழக்கம். இங்கே பணம் எதிர்த்திசையில் ஓடியது. ரேடியோவுக்கு இடம் கொடுத்ததற்காக வானொலி நிறுவனமே கார் கம்பெனிக்குப் பணம் கொடுத்தது, இன்றும் கொடுத்துவருகிறது. இந்தத் தொழிலின் வளர்ச்சி, நெருக்கடி, இணைப்பு எல்லாவற்றையும் இந்தப் பணப்போக்கை வைத்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

தோற்றம்

மார்ட்டின் ராத்பிளாட் 1990இல் தொடங்கிய சிடி ரேடியோ என்ற நிறுவனம்தான் பின்னாளில் சிரியஸ் ஆனது. அமெரிக்க மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் இந்தச் சேவைக்கென எஸ்-பேண்டில் அலைக்கற்றை ஒதுக்கி, 1997 ஏப்ரலில் இரண்டே உரிமங்களை ஏலம் விட்டது. சிடி ரேடியோ சுமார் 8.33 கோடி டாலருக்கு ஒன்றை எடுத்தது. மற்றொன்றைச் சுமார் 9 கோடி டாலருக்கு எடுத்த அமெரிக்கன் மொபைல் ரேடியோ பிற்பாடு எக்ஸ்எம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இரண்டு நிறுவனங்களும் ஆரம்பத்திலேயே காரைக் குறிவைத்தன. அமெரிக்கர்கள் வானொலி கேட்பதில் பெரும்பகுதி காருக்குள் நடக்கிறது. எஃப்எம் நிலையமோ ஊரெல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே கரகரத்து அறுந்துபோகும். கடற்கரையிலிருந்து கடற்கரைவரை ஒரே அலைவரிசை விடாமல் கேட்கிறதென்றால் அதற்கு மாதம் 10 டாலர் கொடுக்க ஆள் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. கடையில் ரேடியோ வாங்கி, கூரையில் ஆன்டெனா ஒட்டி, டாஷ்போர்டைப் பிரித்து ஒயர் இழுக்கும் வேலைக்கு ஆர்வலர்கள் மட்டுமே முன்வருவார்கள். காரோடு சேர்ந்தே வந்தால்தான் கோடிக்கணக்கானவர்களைப் பிடிக்க முடியும்.

1999 ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸ் எக்ஸ்எம்மில் 5 கோடி டாலர் முதலீடு செய்ததோடு, 12 ஆண்டுக்கான தனியுரிமை விநியோக ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டது. அப்போது எக்ஸ்எம்முக்கு வானில் ஒரு செயற்கைக்கோள்கூடக் கிடையாது. ஏறத்தாழ அதே சமயத்தில் ஃபோர்டு எதிரணியான சிரியஸின் பக்கம் போனது. டைம்லர்கிரைஸ்லரும் பிஎம்டபிள்யூவும் பின்தொடர்ந்தன. ஹோண்டா எக்ஸ்எம்மின் பங்குதாரராகச் சேர்ந்தது. ஹூண்டாய் 2005இல் தன் எல்லா மாடல்களிலும் எக்ஸ்எம் ரேடியோவை வழக்கமான உபகரணமாகவே தரப்போவதாக அறிவித்தது.

எக்ஸ்எம் தன் முதல் இரண்டு செயற்கைக்கோள்களுக்கு ‘ராக்’, ‘ரோல்’ என்று பெயரிட்டு 2001இல் ஏவியது. சேவை அந்த ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி தொடங்குவதாக இருந்தது. முந்தைய நாள் நடந்த பயங்கரவாதத் தாக்குதலால் தள்ளிப்போய், செப்டம்பர் 25ஆம் தேதி சான் டியேகோ, டல்லாஸ் ஆகிய இரண்டு நகரங்களில் தொடங்கியது. நவம்பரில் காடிலாக் டிவில், செவில் கார்களில் எக்ஸ்எம் ரேடியோ தொழிற்சாலையிலிருந்தே வந்தது. சிரியஸ் 2002 பிப்ரவரியில் நான்கு நகரங்களிலும் ஜூலையில் நாடு முழுவதும் சேவையைத் தொடங்கியது. சில மாதத் தாமதம்தான், ஆனாலும் விலை பெரிது. 2002 முடிவில் எக்ஸ்எம்முக்கு ஏறக்குறைய 3.47 லட்சம் சந்தாதாரர்கள், சிரியஸுக்கு 30 ஆயிரத்தைத் தொட்டும் தொடாத எண்ணிக்கை.

ஒப்பந்தத்தின் உள்ளே

ஒப்பந்தங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் கொடுக்கல் வாங்கலின் வகைகள் ஏறத்தாழ ஒன்றே. ரேடியோவின் சிப், ஆன்டெனா ஆகியவற்றின் விலையில் ஒரு பங்கை வானொலி நிறுவனம் மானியமாக ஏற்கும். ரேடியோ பொருத்திய கார் விற்றாலோ அதன் உரிமையாளர் சந்தாதாரர் ஆனாலோ, காருக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தரும். மாதா மாதம் வரும் சந்தாவிலும் கார் நிறுவனத்துக்கு ஒரு சதவீதம் உண்டு. இந்த மூன்றாவது இனம் மிக நைச்சியமானது. காரை விற்று முடித்த பிறகும், வாடிக்கையாளர் சந்தா கட்டும்வரை உற்பத்தியாளருக்கு வரும்படி வந்துகொண்டே இருக்கும். மென்பொருள் சந்தாவைப் பற்றிக் கார் உலகம் இன்று ஓயாமல் பேசுகிறது. அதன் ருசியை முதலில் காட்டியவை இந்த ஒப்பந்தங்கள்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தத்தில் இவை போக, ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும் உத்தரவாதத் தொகை ஒன்றும் இருந்தது. எக்ஸ்எம்மால் தாங்க முடியவில்லை. 2003 தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் சில ஆண்டுகளுக்கான அந்தத் தொகையை ரொக்கமாகக் கேட்காமல், பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரமாக ஏற்றுக்கொண்டது. இப்படியாக முதலீட்டாளர், விநியோகஸ்தர், கடன்காரர் என்ற மூன்று வேடமும் ஒருவருக்கே சேர்ந்தது.

கார் விற்கும்போது இலவசச் சோதனைக் காலம் தருவது பொது வழக்கம். மூன்று மாதம் சாதாரணம், சில பிராண்டுகள் அதற்கு மேலும் தந்தன. பல சமயம் அந்தக் காலத்துக்கான சந்தாவைக் கார் நிறுவனமே காரின் விலையில் சேர்த்துக் கட்டிவிடும். அதனால் வானொலி நிறுவனங்கள் வெளியிடும் மொத்தச் சந்தாதாரர் எண்ணிக்கையில், தன் கையிலிருந்து ஒரு காசும் தராதவர்கள் கணிசமாகக் கலந்திருப்பார்கள். ‘சொந்தமாகப் பணம் கட்டுவோர்’ என்று தனியே கொடுக்கப்படும் கணக்கைத்தான் முதலீட்டாளர்கள் பார்த்தார்கள். சோதனைக் காலம் முடிந்து சந்தாவைத் தொடர்வோரின் விகிதம் 2010களின் தொடக்கத்தில் 45 சதவீத அளவில் இருந்தது. ரேடியோ பொருத்திய கார்கள் பெருகப் பெருக, கேட்கும் ஆர்வமில்லாதவர்களையும் அவை சென்றடைந்ததால் இந்த விகிதம் பிற்பாடு இறங்கியது.

ரேடியோ உயிர்பெறும் விதம்

தொழிற்சாலையில் பொருத்தப்படும் ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஓர் அடையாளக் குறியீடு உண்டு. எக்ஸ்எம் வகை ரேடியோவில் பூஜ்யமாவது சேனலுக்குத் திருப்பினால் அது திரையில் வரும். எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு அது. ஐ, ஓ, எஸ், எஃப் ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளை அதில் பயன்படுத்துவதில்லை. தொலைபேசியில் படித்துச் சொல்லும்போது 1, 0 போன்றவற்றோடும், ஒன்றோடொன்றும் குழம்பாதிருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று கொள்ளலாம். காரின் அடையாள எண்ணோடு இந்தக் குறியீடு இணைக்கப்பட்டு, விற்பனைத் தகவல் வந்ததும் அந்த ஒரு ரேடியோவுக்கான திறப்பு ஆணை செயற்கைக்கோள் வழியாகவே அனுப்பப்படும். கார் வானம் தெரியும் இடத்தில் நின்றால்தான் அது கிடைக்கும். நிலத்தடி நிறுத்துமிடத்தில் கிடந்த கார் ஆணையைத் தவறவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாலத்துக்கு அடியில் போகும்போதும் பாட்டு அறுபடாமல் இருப்பதற்கு ஒரு எளிய தந்திரம் கையாளப்பட்டது. ஒரே நிகழ்ச்சி இரண்டு செயற்கைக்கோள்களிலிருந்து சில நொடி இடைவெளியில் வரும். ரேடியோ முந்தி வருவதைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒன்று மறைந்தால் மற்றதிலிருந்து இட்டு நிரப்பும். உயர்ந்த கட்டடங்கள் நிறைந்த நகரங்களில் அதே ஒலிபரப்பைத் தரையிலிருந்து மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்கள் கைகொடுத்தன. எக்ஸ்எம்மின் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வட அமெரிக்காவிலிருந்து பார்க்கத் தெற்கே தாழ்வாகத் தெரிந்ததால் அதற்கு நூற்றுக்கணக்கான ரிப்பீட்டர்கள் வேண்டியிருந்தன. சிரியஸ் நீள்வட்டப் பாதையில் மூன்று செயற்கைக்கோள்களைச் சுற்றவிட்டுத் தலைக்கு மேலேயே நிறுத்தியதால் குறைந்த ரிப்பீட்டர்களே போதுமானதாயின.

தனியுரிமையின் விலை

எந்த வானொலி என்பதைக் கேட்பவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் வாங்கிய கார் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கக் கால்பந்து லீக் ஒலிபரப்பு 2004 முதல் சிரியஸில் இருந்தது. பேஸ்பால் 2005 முதல் எக்ஸ்எம்மில் இருந்தது. செவர்லே வாங்கியவருக்குப் பேஸ்பால் கிடைத்தது, கால்பந்து இல்லை. ஃபோர்டு வாங்கியவருக்கு அப்படியே தலைகீழ். வானொலிப் பிரமுகர் ஹோவர்ட் ஸ்டெர்னை ஐந்தாண்டுக்குச் சுமார் 50 கோடி டாலர் செலவில் சிரியஸ் இழுத்துக்கொண்டபோது, அவரைத் தொடர்ந்து கேட்க விரும்பிய எக்ஸ்எம் கார் உரிமையாளர் தனியாக ஒரு ரேடியோ வாங்க வேண்டியிருந்தது.

இரண்டு சேவைகளையும் எடுக்கக்கூடிய ரேடியோவை வடிவமைக்க வேண்டும் என்பது 1997 உரிமத்திலேயே இருந்த நிபந்தனை. கூட்டாக ஆராய்ச்சி நடந்தது. ஆனால் இரு நிறுவனங்களும் பின்னாளில் இணையும்வரை அப்படியொரு ரேடியோ கடைக்கு வரவேயில்லை. தனியுரிமைக்கென்றே பணம் வாங்கிய கார் நிறுவனங்களும் அதைக் கேட்டு நெருக்கவில்லை. இதில் வாடிக்கையாளர் பக்கம் யாருமே நிற்கவில்லை என்பதுதான் உண்மை.

நெருக்கடியும் இணைப்பும்

2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட இணைப்புக்குத் தகவல்தொடர்பு ஆணையம் 2008 ஜூலையில் 3-2 என்ற வாக்கில் ஒப்புதல் அளித்தது. மெல் கர்மாசின் தலைமையில் சிரியஸ் எக்ஸ்எம் பிறந்தபோது 1.85 கோடி அளவில் சந்தாதாரர்கள் இருந்தார்கள். பிறந்த நேரம் சரியில்லை. 2007இல் 1.6 கோடியாக இருந்த அமெரிக்க வாகன விற்பனை 2009இல் சுமார் 1.04 கோடிக்குச் சரிந்தது. கார் விற்றால்தான் புதுச் சந்தாதாரர் என்று கட்டிய தொழில், கார் விற்காதபோது அப்படியே நின்றது. 2009 பிப்ரவரியில் திவாலின் விளிம்புக்குப் போன நிறுவனத்துக்கு லிபர்ட்டி மீடியா 53 கோடி டாலர் கடன் தந்து 40 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. கிரைஸ்லர் ஏப்ரல் கடைசியிலும் ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1ஆம் தேதியும் திவால் மனு கொடுத்தன. பெரிய கூட்டாளிகள் இருவரும் நீதிமன்றத்தில் நின்றார்கள், அவர்களை நம்பியிருந்த வானொலி பிழைத்துக்கொண்டது. கார் விற்பனை மீண்டதும் அதுவும் கூடவே மீண்டது.

அடுத்து நிறுவனம் கண்டுகொண்ட சந்தை பழைய கார். முதல் உரிமையாளர் சந்தாவை நிறுத்தினாலும் ரேடியோ காருக்குள்தான் இருக்கிறது. கார் கைமாறும்போது டீலர் வழியே தகவல் பெற்று, புதிய உரிமையாளருக்குச் சோதனைக் காலம் தரப்பட்டது. சர்வீஸுக்கு வந்த காருக்கும்கூட இரண்டு மாதம் இலவசமாகத் திறந்துவிடும் திட்டம் வந்தது. இத்தகைய துரத்தலின் மறுபக்கம் சட்டச் சிக்கல். சந்தாவை ரத்து செய்வதைக் கடினமாக்கியது, தானாகவே புதுப்பித்தது முதலிய புகார்களில் 2014இல் 45 மாநிலங்களோடு 38 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ரத்து நடைமுறை குறித்து நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2023இல் மறுபடி வழக்குத் தொடுத்தார்.

பிற நாடுகள்

ஜப்பானில் டொயோட்டாவையும் பங்குதாரராகக் கொண்டு 2004இல் தொடங்கிய மொபாஹோ சேவை 2009 மார்ச்சில் மூடப்பட்டது. கனடாவில் 2005இல் தொடங்கிய சிரியஸ், எக்ஸ்எம் கிளைகள் இரண்டும் 2011இல் ஒன்றாயின.

தமிழ்நாட்டு நேயர்கள் அறிந்த செயற்கைக்கோள் வானொலி வேர்ல்டுஸ்பேஸ். நோவா சமாரா நிறுவிய அந்நிறுவனம் தொடக்கத்தில் எக்ஸ்எம்மிலும் முதலீட்டாளராக இருந்தது. 2000இல் ஏவிய ஏசியாஸ்டார் வழியாகத் தமிழுக்குக் கேஎல் ரேடியோவும் கர்நாடக இசைக்கு ஸ்ருதியும் வந்தன. ஏ. ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதராக இருந்தார். ஆனால் அதன் ரேடியோவுக்கு ஆன்டெனாவைச் செயற்கைக்கோள் இருக்கும் திசை பார்த்து நிறுத்தி வைக்க வேண்டும். மாடியிலும் ஜன்னலோரத்திலும் சரிப்பட்டது, ஓடும் காருக்கு ஒத்துவராது. காருக்குத் தேவையான தரை ரிப்பீட்டர்களுக்கு இந்தியாவில் அனுமதி கிடைக்கவில்லை. 2008 அக்டோபரில் திவால் மனு கொடுத்த நிறுவனம் 2009 டிசம்பர் 31ஆம் தேதி இந்தியச் சேவையை நிறுத்தியது. நேயர்கள் இருந்தும் கார் இல்லாமல் போன கதை அது.

இணையக் காலம்

கைப்பேசியும் இணைய இசையும் காருக்குள் நுழைந்த பிறகு, செயற்கைக்கோளையும் இணையத்தையும் ஒன்றாக்கும் 360எல் என்ற தளத்தைச் சிரியஸ் எக்ஸ்எம் உருவாக்கியது. 2019 மாடல் ராம் 1500 பிக்கப்பில் அது முதலில் வந்தது. இதனால் எந்தச் சேனலை யார் எவ்வளவு நேரம் கேட்கிறார்கள் என்ற தகவலும் முதன்முறையாகத் திரும்பி வரத் தொடங்கியது. செயற்கைக்கோள் ஒருவழிப் பாதை, அது எதையும் கேட்டுச் சொல்லாது.

ஆனாலும் செயற்கைக்கோளைக் கைவிட வழியில்லை. ஒரு கார் மாடலின் வடிவமைப்பு முடிவாகிச் சாலைக்கு வரச் சில ஆண்டுகள், அது சாலையில் ஓடுவது பல ஆண்டுகள். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயதே 12 ஆண்டுக்கு மேல். பழைய ரேடியோக்களுக்காகவே சிரியஸ், எக்ஸ்எம் ஆகிய இரண்டு ஒலிபரப்பு முறைகளும் இணைப்புக்குப் பிறகும் அருகருகே தொடர வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில் ஏவிய எஸ்எக்ஸ்எம்-7 செயற்கைக்கோள் சோதனையிலேயே செயலிழந்தது. அதன் பிறகு 2021இல் எஸ்எக்ஸ்எம்-8, 2024இல் 9, 2025 ஜூனில் 10 என அடுத்தடுத்து ஏவப்பட்டன. 11, 12 ஆகியவற்றுக்கும் ஆர்டர் கொடுக்கப்பட்டுள்ளது.