ஒரு ரூபாய்ப் பெட்டியின் கதை

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பியும் ஈயமும்தான். "பாலம் கட்டினவன், பவர் ஹவுஸ் கட்டினவன் எல்லாம் எழுதுற மலர்ல, நீ வீடியோ கேம் பொட்டி செஞ்ச கதையை எழுதப் போறியா?" என்று விடுதியில் என் அறைத்தோழனாக இருந்தவன் போனில் சிரித்தான். ஆமாம், அதைத்தான் எழுதப் போகிறேன். அந்தப் பெட்டிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் ஆய்வகங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

கருமுத்து தியாகராசர் நம் கல்லூரியைத் தொடங்கியது 1957-ல். அதற்கு அடுத்த ஆண்டு, 1958 அக்டோபரில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பொதுமக்கள் பார்வையிடும் நாள் வந்தது. அங்கே பணியாற்றிய இயற்பியலாளர் வில்லியம் ஹிகின்பாதம், வருகிறவர்கள் கருவிகளை வெறுமனே பார்த்துவிட்டுப் போனால் சலித்துப் போவார்களே என்று யோசித்தார். ஆய்வகத்தில் இருந்த அனலாக் கம்ப்யூட்டரையும், 5 அங்குலத் திரை கொண்ட ஆசிலாஸ்கோப்பையும் இணைத்து, பந்து வலையைத் தாண்டி எகிறும் ஒரு டென்னிஸ் ஆட்டத்தைச் செய்தார். ஜனங்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். மனிதர் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை! நாம் சைன் அலையை நிறுத்தி வைக்கப் படாதபாடு பட்ட அதே சி.ஆர்.ஓ. சாதிதான் அது.

அடுத்தது 1972. அட்டாரி என்ற புதுக் கம்பெனியில் ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் பொறியாளருக்கு முதல் வேலையாக 'பாங்' என்ற பந்தாட்டத்தைச் செய்யச் சொன்னார்கள். அதில் மைக்ரோபிராசஸர் கிடையாது. முழுக்க முழுக்க டிஜிட்டல் ஐ.சி.க்கள்தான். கடையில் வாங்கிய சாதாரணக் கறுப்பு வெள்ளை டிவி ஒன்றை மரப்பெட்டிக்குள் வைத்தார். கூட்டம் ஆரவாரிக்கும் ஒலி வேண்டும் என்று முதலாளி நோலன் புஷ்னெல் கேட்டார். அதற்குப் பாகங்கள் ஏது? சர்க்யூட்டில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு சிக்னலையே ஸ்பீக்கருக்குக் கொடுத்து 'டொக்' என்று ஒலிக்க வைத்தார் ஆல்கார்ன். மட்டை திரையின் உச்சி வரை போகாமல் நின்றது சர்க்யூட்டில் இருந்த ஒரு குறை. அதைத் திருத்தாமலே விட்டார். ஆட்டம் அதனால் இன்னும் சுவாரஸ்யமாயிற்று. சன்னிவேல் ஊரில் ஒரு மதுக்கடையில் அந்தப் பெட்டியை வைத்தார்கள். சில நாளில் வேலை செய்யவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். போய்த் திறந்தால் காசுப்பெட்டி நிரம்பி வழிந்திருக்கிறது. இதுதான் கோளாறு!

நிற்க. நம் துறையில் படித்தவர்களுக்கு 8085 கிட்டை மறக்க முடியுமா? 3E, 76 என்று விரல் தேய அமுக்கினோமே, அதற்கு அண்ணன் முறை 8080. அந்த 8080-ஐ வைத்து 1978-ல் ஜப்பானில் டைட்டோ கம்பெனியின் டொமோஹிரோ நிஷிகாடோ செய்ததுதான் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. நிரல் மொத்தம் 8 கிலோபைட். திரை 256-க்கு 224 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு பிட். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 7 கிலோபைட் வரும். வண்ணத்திற்கு வழியில்லாததால் திரைமேல் நிறக் கண்ணாடித் தாளை ஒட்டிச் சமாளித்தார்கள். நம் ஊரில் கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் கலர் பிளாஸ்டிக் ஷீட் மாட்டினோமே, அதே கதைதான்.

இதில் ரசமான சங்கதி ஒன்று உண்டு. திரையில் 55 பகைவர்கள். வினாடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும்; ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பகைவனைத்தான் நகர்த்த முடிந்தது. ஆகவே முழுப் படையும் ஓரடி எடுத்துவைக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். சுடச் சுடப் படை குறையும், குறையக் குறைய வேகம் கூடும். கடைசி ஒருவன் மின்னலாய்ப் பாய்வான். உலகமே நெஞ்சு படபடக்க ஆடிய அந்த வேகம் இயந்திரத்தின் இயலாமையில் பிறந்தது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் வைத்துக்கொண்டார்.

இனி மதுரைக்கு வருவோம். காசு போட்டால் வேலை செய்யும் இயந்திரம் என்று நான் முதலில் பார்த்தது மதுரை ஜங்ஷனில், கலர் பல்புகள் சுழல நின்ற எடை பார்க்கும் மெஷின். எடையும் சோதிடமும் அச்சடித்த அட்டை வந்து விழும். அதன் பிறகு தொண்ணூறுகளின் கடைசியில், ஜெய்ஹிந்துபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை வந்தது. நின்டென்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான் அங்கே இருந்தவை. அரைமணிக்கு 5 ரூபாய். அதற்காக அப்பாவின் சட்டைப்பையில் கை வைத்தேன். ஒருமுறை அல்ல, பலமுறை.

அப்பா தச்சு வேலை செய்பவர். அன்றாடக் கூலி. ஒருநாள் மாலை கடைக்கே வந்து நின்றார். அடிக்கவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பொட்டியில காசைப் போட்டவன் எவனும் திரும்பி எடுத்ததில்லைடா" என்றார். வீடு வரை வேறொன்றும் பேசவில்லை. அடி வாங்கியிருந்தால் மறந்திருப்பேன்.

வருடங்கள் ஓடின. நம் கல்லூரியில் படித்து, வேலைக்கும் போனேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கவில்லை. தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சியும் இல்லை. எனக்கு வீட்டிலிருந்தே வேலை, பாதிச் சம்பளம். அப்பாவுக்கு வேலையே இல்லை. நாற்பது வருஷம் உளி பிடித்த கை சும்மா இருந்தது. காலையில் எழுந்து இழைப்புளியைத் தீட்டுவார், துணியில் சுற்றி வைத்துவிடுவார். மறுநாளும் அதையே செய்வார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஒருநாள், "ஒரு பொட்டி செய்யணும்ப்பா, அளவு தாரேன்" என்றேன். என்ன பெட்டி என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "சரி, கொண்டா" என்றார்.

செலவுக்குப் பணம் கிடையாது. வீட்டிலேயே தேடினோம். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான குடும்பங்களுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்ததே, அந்த 14 அங்குல டிவி பரணில் கிடந்தது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் என் தங்கைக்குப் பிளஸ் டூவில் கிடைத்த லேப்டாப், திரை உடைந்து மூலையில் இருந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் உண்டு. டிவி ஒரு ஆட்சி, லேப்டாப் ஒரு ஆட்சி. இரண்டையும் கூட்டணி சேர்த்தது நாங்கள்தான்! பலகைக்குப் பழைய பிளைவுட் ஷோகேஸைப் பிரித்தோம்.

வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு நீட்டினேன். "நீட்டம் அகலம் மட்டும் சொல்லு, சாய்மானம் நான் பாத்துக்கிறேன்" என்றார் அப்பா. என்னை நிற்கவைத்து, முழங்கை உயரத்தை மூலைமட்டத்தால் அளந்து, கைப்பலகையை அமைத்தார். என் வரைபடத்தில் அது இரண்டு அங்குலம் தாழ்வாக இருந்தது. அவர் வைத்ததே சரி.

பட்டன்களுக்குக் காலிங்பெல் சுவிட்ச் ஆறு. பழைய கீபோர்டைப் பிரித்து, அதன் சின்ன சர்க்யூட்டில் கம்பிகளைப் பற்றவைத்தேன். ஜாய்ஸ்டிக்குக்கு இரும்புக்கம்பி, அதை நடுவுக்குத் திருப்ப மிக்சியின் ரப்பர் கப்ளர், நான்கு பக்கமும் இரண்டு பழைய மவுஸ்களிலிருந்து கழற்றிய மைக்ரோ சுவிட்சுகள். உச்சியில் பிடிக்க ஒரு பம்பரம். கடைகள் திறந்திருந்த ஜூன் மாதத்தில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய், லேப்டாப் படத்தை டிவிக்கு மாற்றும் கன்வர்ட்டர் வாங்கினேன். கணக்கு இதுதான்: கன்வர்ட்டர் 450, சுவிட்சுகள் 210, ஒயரும் ஈயமும் 120, திருகு, பசை, பெயின்ட் 400. ஆக மொத்தம் 1,180 ரூபாய். ஜூன் கடைசியில் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோது எங்களிடம் எல்லாம் தயாராக இருந்தன.

சிக்கல்கள் வராமலில்லை. மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கினால் அமுக்காத நான்காவதும் அமுங்கியதாகக் காட்டியது. கீபோர்டின் வரிசை நெடுவரிசைக் கட்டமைப்பில் வரும் பழைய வியாதி அது. ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றுக்குத் தனித் தடம் உண்டு. பட்டன்களை அங்கே மாற்றினேன், சரியாயிற்று. உயரவாக்கில் படம் வேண்டி டிவியைப் பக்கவாட்டில் சாய்த்ததும், மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள். பூமியின் காந்தப்புலம் செய்யும் வேலை. அணைத்து ஆறவிட்டுப் போட்டால் உள்ளிருக்கும் டிகாஸ் சுருள் அதைத் துடைத்துவிடும். டிவியின் பின்மூடியை மட்டும் நாங்கள் கழற்றவே இல்லை. தம்பிகளே, தங்கைகளே, இதைக் கவனியுங்கள்: அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். டிவியை அப்படியே முழுசாக உள்ளே வைத்து, காற்றுக்குத் துளை போட்டோம்.

பழைய விளையாட்டுகளை அழியாமல் காப்பாற்ற இத்தாலியின் நிக்கோலா சால்மோரியா 1997-ல் தொடங்கிய 'மேம்' என்ற மென்பொருள் உண்டு. அந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்பதால் நானே ஒன்றை எழுதினேன். பகைவருக்குப் பதில் 55 கொசுக்கள்! ஆனால் ஆட்டம் சப்பென்று இருந்தது. காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. இலவச லேப்டாப்புக்கு 55 கொசுக்கள் ஒரு பொருட்டே அல்ல. எத்தனை செத்தாலும் வேகம் மாறவில்லை. திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கொசுதான் நகரலாம் என்று வேண்டுமென்றே கட்டிப்போட்டேன். உடனே ஆட்டத்துக்கு உயிர் வந்தது. நிஷிகாடோவுக்கு வசதிக்குறைவு தந்ததை நான் வலிந்து எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் காசுத் துளை. அலங்காரத்துக்கு ஒரு கீறல் போதும் என்றேன். அப்பா கேட்கவில்லை. உள்ளே சரிவாக ஒரு மரத்தடம் இழைத்தார். ஒரு ரூபாயைப் போட்டால் அது உருண்டு, என் சுவிட்சைத் தட்டி, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு, கீழே கிண்ணத்தில் வந்து விழும். போட்டவன் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இருபது வருஷத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. முதல் காசை அவரே போட்டார். நாலாவது கொசுவில் அவுட்!

இன்றைய மாணவர்கள் புராஜெக்ட்டுக்குக் கிட் கிடைக்கவில்லை, நிதி வரவில்லை என்று சொல்லும்போது எனக்கு இந்தப் பெட்டிகள்தான் ஞாபகம் வரும். ஹிகின்பாதமும் ஆல்கார்னும் நிஷிகாடோவும் கையில் இருந்ததை வைத்துத்தான் தொடங்கினார்கள். உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று ஒருதரம் ஏறிப் பாருங்கள்.

சந்திப்பு நாளன்று பெட்டியைக் கல்லூரிக்குக் கொண்டுவருகிறேன். அப்பாவும் வருகிறார். வருகிறவர்கள் மறக்காமல் ஆளுக்கு ஒரு ரூபாய் நாணயம் எடுத்து வாருங்கள். போகும்போது திரும்ப எடுத்துப் போகலாம்.