விழிவில்லையும் கண்ணீரும்

கண்ணில் ஒரு தூசி விழுந்தாலும் நொடிப்பொழுது பொறுக்கமாட்டாத மனிதன், கண்ணின் மேலேயே ஒரு வில்லையைப் பொருத்திக்கொண்டு நாள் முழுவதும் நடமாடக் கற்றுக்கொண்டான். 'கான்டாக்ட் லென்ஸ்' என வழங்கும் இவ்வில்லைகளுள் கெட்டியான வகையே முதலில் தோன்றியது. அதன் வரலாற்றை நோக்குங்கால், பார்வையைத் திருத்துவது எளிதாகவும், கண்ணை நோகாமல் காப்பது அரிதாகவும் இருந்தமை புலனாகும்.

1888-ஆம் ஆண்டில் ஸூரிச் நகரில் வாழ்ந்த அடால்ஃப் ஃபிக் என்னும் மருத்துவர், வெண்விழியின்மேல் அமரும் சிறு கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைச் செய்வித்தார். அதனுள் திராட்சைச் சர்க்கரைக் கரைசலை நிரப்பி, முதலில் முயல்களுக்கும், பின்னர்த் தமக்கும், அதன்பின் நோயாளிகளுக்கும் அணிவித்துப் பார்த்தார். பார்வை தெளிந்தது, ஆயினும் சுமார் 2 மணி நேரத்துக்கு மேல் அணிய இயலவில்லை. மறு ஆண்டே, கடுமையான கிட்டப்பார்வையால் துன்புற்ற ஆகஸ்ட் மில்லர் என்ற ஜெர்மானியர் தமக்கென ஒரு வில்லை செய்துகொண்டார். அவரால் அரைமணி நேரமே பொறுக்க முடிந்தது.

1930-களில் கண்ணாடிக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் வந்தது. எடை குறைந்தது, உடையும் அச்சமும் நீங்கியது. எனினும் சில மணி நேரம் கழிந்ததும் பார்வையில் பனி படர்ந்தது. விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றின. 1948-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த கெவின் டூயி, வெண்விழியைத் தொடாமல் கருவிழியின்மேல் மட்டும் தங்கும் சிறு வில்லையை உருவாக்கினார். அது கண்ணீரின் மெல்லிய படலத்தின்மேல் மிதந்தது. இமைக்குந்தோறும் வில்லை சற்றே அசைய, பழைய கண்ணீர் வெளியேறிப் புதிய கண்ணீர் அதனடியிற் புகுந்தது. அணியும் நேரம் நீண்டது.

இதன் காரணத்தை 1952-இல் ஜார்ஜ் ஸ்மெல்சர், ஒஸானிக்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சி விளக்கியது. கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே பெறுகிறது. காற்றை அடைத்தால் அது வீங்கி மங்குகிறது. பழைய பிளாஸ்டிக்கோ காற்றை ஊடுருவ விடாத பொருள். ஆகவே, காற்றை ஊடுருவ விடும் கெட்டிப் பொருளை வேதியியலார் தேடினர். அத்தகைய பொருளுக்கு நார்மன் கேலார்ட் 1974-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கெட்டி வில்லைகள் அவ்வழி வந்தவையே.

ஒரு குறை தீர மற்றொன்று முளைத்தது. புதிய பொருளின்மேல் கண்ணீரிலுள்ள கொழுப்பும் புரதமும் எளிதிற் படிந்தன. படிவு ஏறிய வில்லை கண்ணீரில் நனையாது. இமை அதன்மேல் உராயும். உறுத்தலும் சிவப்பும் தோன்றும். எனவே தூய்மை என்பது வில்லையின் ஓர் அங்கமாகவே ஆயிற்று.

இதிற் கடுமையான பாடம் புகட்டியது நீர். 1980-களின் நடுவில் அமெரிக்காவில், உப்பு மாத்திரையை நீரிற் கரைத்து வீட்டிலேயே கழுவுநீர் தயாரித்த சிலருடைய கருவிழியை 'அகந்தமீபா' என்னும் நுண்ணுயிர் தாக்கியது. குழாய்நீரிலும் மண்ணிலும் வாழும் இவ்வுயிர், கூடு கட்டிக்கொண்டால் குளோரினுக்கும் எளிதில் அழியாது. பார்வையையே பறிக்க வல்லது. கெட்டி வில்லையைக் குழாய்நீரில் அலசலாம் என்ற பழைய வழக்கத்தை இன்று மருத்துவர்கள் ஏற்பதில்லை. வாயிலிட்டு எச்சிலால் நனைப்பதும் தீங்கே.

கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தபின்னரே வில்லையைத் தொடுதல் வேண்டும். கழற்றியவுடன் உள்ளங்கையில் வைத்து, அதற்குரிய திரவத்தால் மெல்லத் தேய்த்து, கிருமி நீக்கிய உப்புக் கரைசலில் அலசி, புதிய திரவத்தில் ஊறவிடுதல் நன்று. நேற்றைய திரவத்தோடு இன்றையதைச் சேர்த்தல் ஆகாது. பெட்டியைக் கவிழ்த்து உலர்த்தி, 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுக. வடநாட்டுக் கோடையின் புழுதிக்காற்றில் வாழும் நேயர்கள், வெளியே செல்லுங்கால் காப்புக் கண்ணாடியும் அணிதல் நலம். கெட்டி வில்லையின் அடியிற் புகும் ஒரு மணலும் கருவிழியைக் கீறிவிடும். வலியோ, சிவப்போ, வெளிச்சத்தில் கூச்சமோ கண்டால் வில்லையைக் கழற்றிவிட்டு உடனே கண் மருத்துவரை நாடுக.

ஃபிக் காலத்து நோயாளி 2 மணி நேரம் பொறுத்ததை இன்று நாம் நாள் முழுவதும் உணராமலே அணிகிறோம். அதற்கு நாம் செலுத்தும் விலை, நாள்தோறும் சில நிமிடக் கவனமே.