மாணாக்கரும் இரசாயன ஆராய்ச்சியும்

அறிந்தோர் கூறியதைக் கற்றல் ஒன்று. எவரும் அறியாததைத் தேடல் பிறிதொன்று. முன்னையது மாணாக்கர்க்கும் பின்னையது முதிர்ந்த அறிஞர்க்கும் உரியன என்னுங் கருத்து நெடுங்காலம் நிலவிற்று. அக்கருத்தை மாற்றிய துறைகளுள் இரசாயனம் தலையாயது. அம்மாற்றம் நிகழ்ந்தவாற்றை ஈண்டு நோக்குவாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரசாயனம் பெரும்பாலும் விரிவுரை வாயிலாகவே கற்பிக்கப்பட்டது. ஆசிரியர் பரிசோதனை செய்வார். மாணாக்கர் இருந்து காண்பர். பேரறிஞரின் ஆய்வுகூடத்தினுட் புகும் பேறு ஒரு சிலர்க்கே வாய்த்தது. யேர்மனியிற் பிறந்த யுஸ்ரஸ் இலீபிக் அப்பேற்றைப் பாரிசு நகரிற் கேலுசாக்கிடம் பெற்றார். 1824 ஆம் ஆண்டில், தமது 21 ஆம் வயதிற் கீசன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரான அவர், தாம் பெற்றதைப் பலர்க்கும் வழங்க முற்பட்டார். பழைய படைவீட்டுக் காவற்கூடமே அவர்தம் ஆய்வுகூடமாயிற்று. மாணாக்கர் முதலிற் பகுப்பு முறைகளைப் பயின்றனர். பின்னர் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய ஆராய்ச்சியில் இறங்கினர். முன்னாட் செய்ததையும் அன்று செய்யக் கருதியதையும் அவர்கள் காலைதோறும் கூற, ஆசிரியர் கேட்டு ஏற்பர் அல்லது மறுப்பர்.

இம்முறை வெற்றிபெறற்குக் கருவியொன்றும் துணைநின்றது. 1831 இல் இலீபிக் ஐந்து குமிழ்களையுடைய எளிய கண்ணாடிக் குழாயொன்றை அமைத்தார். சேதனப் பொருளை எரிக்கும்போது எழும் காபனீரொட்சைட்டை அதனுள்ளிருந்த காரக் கரைசல் உறிஞ்சும். குழாயின் நிறைப் பெருக்கங்கொண்டு காபனின் அளவு கணிக்கப்படும். கைதேர்ந்த வல்லுநர்க்கே இயன்ற பகுப்பு இதனால் மாணாக்கர்க்கும் இயல்வதாயிற்று.

சட்டம் பயிலக் கீசன் சென்று இரசாயனத்தின்பாற் சார்ந்த ஓகஸ்ற் ஒவ்மன், இம்முறையை 1845 இல் இலண்டன் அரச இரசாயனக் கல்லூரிக்குக் கொணர்ந்தார். ஆங்குப் பதினைந்து வயதிற் சேர்ந்த உவில்லியம் பேர்க்கின், விரைவில் அவர்க்கு உதவியாளரானார். மலைக்காய்ச்சல் மருந்தாகிய கொயினாவைச் செயற்கையாக ஆக்கவியலுமா என்பது ஆசிரியர் எழுப்பிய வினா. 1856 இல் ஈஸ்ரர் விடுமுறையில், 18 வயதினரான பேர்க்கின், தம் இல்லத்துச் சிறு ஆய்வுகூடத்தில் அதனை முயன்றார். கொயினா கிட்டவில்லை. அனிலீனை ஒட்சியேற்றியபோது கரிய வீழ்படிவொன்றே கிடைத்தது. அதனை வீசிவிடாது மதுசாரத்திற் கரைக்க, ஊதா நிறந் தோன்றிற்று. செயற்கைச் சாயத் தொழிலின் பிறப்பு அதுவே. எதிர்பாராத முடிவையும் ஆராயத் தக்கதெனக் கருதும் பழக்கமே பேர்க்கினுக்குக் கைகொடுத்தது.

உயிரிரசாயனத்தில் இதற்கு இணையான நிகழ்ச்சி கனடாவில் நிகழ்ந்தது. 1921 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியலும் உயிரிரசாயனமும் பயின்று அவ்வாண்டே பட்டக் கல்வியை முடித்த சாள்ஸ் பெஸ்ற், பிரடெரிக் பான்ரிங் என்னும் மருத்துவர்க்கு உதவியாளராக அமர்ந்தார். நாய்களின் குருதியிலும் சிறுநீரிலும் வெல்லத்தின் அளவைத் துணிதல் அவர் பணி. சதையியினின்று பெற்ற சாறு குருதி வெல்லத்தைக் குறைத்தலை அவ்வளவைகளே காட்டின. யேம்ஸ் கொலிப் அச்சாற்றைத் தூய்மையாக்க, 1922 சனவரியில் நீரிழிவுற்ற சிறுவனொருவன் அதனாற் பயன்பெற்றான். எனினும், 1923 இல் நோபல் பரிசு பான்ரிங்கிற்கும் பேராசிரியர் மக்கிளியொட்டிற்குமே அளிக்கப்பட்டது. பான்ரிங் தம் பங்கிற் பாதியைப் பெஸ்றுடன் பகிர்ந்துகொண்டார். இளையோர் உழைப்பைப் பெற்றுக்கொள்வோர், அவர்தம் பெயரை மறைத்தல் கூடாதென்பதற்கு இது சான்று.

ஓரோவிடத்து நிகழ்ந்த இவ்வழக்கம் பிற்காலத்தில் ஒழுங்கான திட்டமாயிற்று. 1969 இல் அமெரிக்காவின் மசாசுசெற்சுத் தொழினுட்பக் கழகத்தில் மார்கரெற் மக்விகார் பட்டப்படிப்பு மாணாக்கர்க்கென ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கினார். 1978 இல் அந்நாட்டுச் சிறு கல்லூரிகளின் இரசாயன ஆசிரியர்கள் இந்நோக்கத்திற்கெனப் பேரவையொன்றை நிறுவினர்.

எனவே, மாணாக்கர் ஆராய்ச்சிக்குப் பெருமாளிகைகள் இன்றியமையாதனவல்ல. காவற்கூடமும் அதற்குப் போதுமானதாயிருந்தது. ஆசிரியரும் விடையறியாத வினா, மாணாக்கன் கைக்கு எட்டும் முறை, நாடோறும் கேட்டுத் திருத்தும் ஆசிரியர், உழைத்தவனுக்கு உரிய மதிப்பு ஆகிய நான்குமே வேண்டற்பாலன. இவற்றுள் விலைகொடுத்துப் பெறற்குரியவை சிலவே என்பது ஆசிரிய உலகம் சிந்திக்கத்தக்கது.