மணவூர் வானில் இராஜாளி

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில், திருவாலங்காட்டுக்கு முந்திய நிலையம் மணவூர். அங்குள்ள நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் செல்லும்போதெல்லாம் அஸர் தொழுகைக்குப் பின் திண்ணையில் அமர்ந்து மேற்கு வானை நோக்கியிருப்பது நமது வழக்கம். வயல்களுக்கு அப்பால் ஹெலிகாப்டர்கள் வட்டமிடும், தாழும், எழும், மீண்டும் அதே வட்டம். சில நாட்களில் பெரிய விமானமொன்று பனைகளுக்குப் பின்னே தாழ்ந்து மறைந்து, சிறிது பொழுதில் மறுபடி மேலெழும். ஓடுபாதையைத் தொட்டவுடன் எழுந்துவிடும் பயிற்சி அது.

ஒருமுறை நண்பரின் பேரன் கேட்டான்: “ஹஜ்ரத், இது குண்டு போடுமா?”

“கடலில்தான் போடும், வாப்பா” என்று சொல்லிவிட்டோம். விடை தவறன்று. ஆயினும் வரலாறு படித்தவன் குழந்தைக்குக் கூறத்தக்க முழு விடையும் அன்று. அந்தக் குறைதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கடல் அலையே காணாத அரக்கோணத்தில் கடற்படைக்கு என்ன வேலை என்று பலரும் வினவுவர். பக்கத்துத் திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள், இராஜேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் கொண்டதைப் பேசுகின்றன. ஆகவே இவ்வட்டாரத்துக்குக் கடற்படைச் செய்தி புதிதன்று என நண்பர் நகைப்பார். ஆனால் விமானத்தளத்தின் கதை அத்துணைத் தொன்மையானதன்று.

1942 ஏப்ரல் 5 அன்று, பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் ஜப்பானியக் கப்பற்படை, கொழும்பு நகர்மீது விமானங்களை ஏவியது. மறுநாள் காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது. அடுத்து நாம்தான் என்று சென்னை நடுங்கிற்று. வீடுகளைப் பூட்டிக்கொண்டு மக்கள் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர்; அரசு அலுவலகங்களும் பெயர்ந்தன. விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகள், குண்டு வீச்சில் கூடு உடைந்து தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. அஞ்சிய பெருந்தாக்குதல் வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை விமானம் வந்து சில குண்டுகளை எறிந்து சென்றதோடு சரி. அந்தப் போர்க்காலத்தில் ஆங்கில விமானப்படைக்காக எழுந்ததே அரக்கோணத்துத் தளம்.

பின்னர் இந்தியக் கடற்படை அதனைப் புதுக்கி விரித்தது. 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதனைப் படையில் சேர்த்தார். வேட்டைப் பறவையின் பெயரால் ‘இராஜாளி’ என வழங்கலாயிற்று. ஓடுபாதையின் நீளம் நான்கு கிலோமீட்டருக்கும் மேல். சோவியத் நாட்டு டியூ-142 விமானங்கள் அதற்கேற்ற பேருருவங்கள். நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு சுழல்விசிறிகள். அவற்றின் முழக்கத்தைக் கேட்டவர் எளிதில் மறவார். 2017 மார்ச் 29 அன்று அவை ஓய்வு பெற்றன. அவற்றின் இடத்தை ஏற்ற பி-8ஐ விமானங்களுள் முதலாவது 2013 மே மாதம் வந்திறங்கியது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது இவற்றின் முதற் பணி. ஒலிகேட்கும் மிதவைகளைக் கடலில் எறிந்து, ஆழத்து ஓசையைச் செவிமடுத்து, பகை என்று உறுதியானால் மட்டுமே நீர்க்கணையை விடும். மணவூர் வானில் சுற்றும் ஹெலிகாப்டர்களோ, பெரும்பாலும் அத்தளத்துப் பயிற்சிப் பள்ளி மாணவர்களுடையவை.

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். விமானத்திலிருந்து குண்டு போடுதல் எங்கே தொடங்கிற்று? நம்மவருள் பலரும் ஐரோப்பியப் போர்க்களத்தைச் சொல்வர். அன்று. 1911 நவம்பர் 1 அன்று திரிப்போலியில் அது தொடங்கிற்று. உதுமானியரிடமிருந்து அந்நாட்டைக் கைப்பற்ற வந்த இத்தாலியப் படையின் ஜூலியோ கவோத்தி என்னும் இளம் அதிகாரி, அய்ன் ஸாரா, தாஜூரா ஆகிய இடங்களில் இருந்த அரபு, துருக்கியப் படையினர்மீது நான்கு சிறு குண்டுகளைக் கையாலேயே வீசினார். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடையளவே. வீசியவரின் பெயரை நூல்கள் சொல்கின்றன. அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தையும் சொல்கின்றன. கீழே நின்றவர்களின் பெயர்களைத் தேடினோம். நாம் புரட்டிய நூல்களில் அவை இல்லை. அப்போரில் புண்பட்டோருக்குத் தண்ணீர் சுமந்து உயிர்நீத்த ஃபாத்திமா பின்த் அப்துல்லாஹ் என்ற சிறுமியின் பெயர் மட்டும் அல்லாமா இக்பாலின் கவிதையால் நம்மிடம் தங்கியிருக்கிறது.

எட்டாண்டு கழித்து, 1919 மே 24 அன்று, ஆங்கிலேயரின் ஒற்றை விமானம் காபூலில் அமீர் அமானுல்லாஹ்வின் அரண்மனைமீது குண்டெறிந்தது. அரபியில் விமானத்துக்குத் ‘தய்யாரா’ என்று பெயர். பறவையைக் குறிக்கும் ‘தய்ர்’ என்பதும் அதே வேரில் பிறந்த சொல். யானைப் படையின்மீது கல்லெறிந்த பறவைகளை மக்தபில் பாடம் சொல்லும்போது, தாஜூராவும் காபூலும் நமக்கு நினைவில் வராமல் இருப்பதில்லை.

பயிற்சி என்பதால் கேடில்லை எனவும் கூறிவிட முடியாது. கர்நாடகத்தில் நவாயத் முஸ்லிம்கள் நிறைந்த பட்கலுக்கு எதிரே கடலில் நேத்ராணி என்றொரு தீவுண்டு. (ஆர்க்காட்டு நவாபாக இந்த மணவூர் வட்டாரத்தையும் ஆண்ட ஸஆதத்துல்லாஹ் கான் அந்த நவாயத் மரபினர்தாம்.) வெண்வயிற்றுக் கடற்கழுகுகள் கூடு கட்டும் அத்தீவின் பாறைகளைக் கடற்படை குறிப்பயிற்சிக்கு இலக்காக்கியது. கழுகுகளைக் காக்க வேண்டுமென்று உயிரின ஆர்வலர்கள் குரல் கொடுத்தனர். நாட்டுக்குப் படை வேண்டும், படைக்குப் பயிற்சி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. இலக்கைத் தேர்வதில்தான் நமக்கு வழக்கு. போர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் அமெரிக்கக் கடற்படை அறுபதாண்டு அளவில் பயிற்சி நடத்தியது. 1999 ஏப்ரல் 19 அன்று குறி தவறிய குண்டுகளால் அத்தீவுக்காரரான காவலாளி ஒருவர் மாண்டார். மக்கள் திரண்டு மறித்தனர். 2003 மே 1 அன்று அக்கடற்படை அத்தீவைவிட்டு வெளியேறியது.

அண்மையில் மணவூர் சென்றபோது இவற்றையெல்லாம் பேரனுக்குச் சுருக்கிச் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “தாஜூராவில் இருந்தவங்களும் முதல்லே அதை வேடிக்கைதானே பார்த்திருப்பாங்க, ஹஜ்ரத்?” என்றான். முன்பு கண்டறியாத பொருள். அண்ணாந்து பார்த்திருக்கத்தான் வேண்டும் என்றோம். மேற்கே ஹெலிகாப்டர் ஒன்று விளக்கேற்றிக்கொண்டு தாழ்ந்தது. மஃரிபுக்கு ஒளுச் செய்ய எழுந்தோம்.