மாற்றப்பட்டவையும் ஒதுக்கப்பட்டவையும்: சுப்பராயலு ரெட்டியாரை நெய்வேலியிலிருந்து வாசித்தல்

நீதிக்கட்சி வரலாறு பேசுகிறவர்கள் நாயர், தியாகராயர் என்று தொடங்கிச் சட்டென்று பனகல் அரசரிடம் போய்விடுகிறார்கள். நடுவில் ஒருத்தர் இருக்கிறார். சென்னை மாகாணத்தின் முதல் 'முதல்மந்திரி' அகரம் சுப்பராயலு ரெட்டியார். வழக்குரைஞர், தென்னாற்காடு ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தவர், காங்கிரசிலிருந்து நீதிக்கட்சிக்கு வந்தவர். நெய்வேலி அந்த ஜில்லாவுக்குள் கிடந்த கிராமம். இங்கிருந்து யோசிக்கும்போது அவரது ஏழு மாத ஆட்சியை அடிக்குறிப்பாக ஒதுக்க எனக்கு முடியவில்லை.

1920 இறுதித் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்கு. கவர்னர் வில்லிங்டன் அழைத்தும் தியாகராயர் பதவியை மறுக்க, டிசம்பர் 17இல் ரெட்டியார் முதல்மந்திரியானார். கிடைத்த அதிகாரம் என்ன? 1919 சட்டத்தின் இரட்டையாட்சி அரசை இரண்டாகப் பிளந்திருந்தது. கல்வி, சுகாதாரம், சாலை, கலால், ஸ்தல ஸ்தாபனம் எல்லாம் மந்திரிகளுக்கு 'மாற்றப்பட்டவை'. போலீஸ், நிதி, நிலவரி, பாசனம், நில எடுப்பு எல்லாம் கவர்னர் பக்கம் 'ஒதுக்கப்பட்டவை'. ரோடு போடலாம், ரோட்டோரத்து நிலத்தைப் பற்றிப் பேச முடியாது. ரெட்டியாரிடம் கல்வியும் கலாலும் சேர்ந்தே வந்தன. பள்ளிக்கூடம் திறக்கிற அதே கையில்தான் சாராய வருமானம்! ஜில்லா போர்டில் பழகிய மனிதர் அவர். ஸ்தல ஸ்தாபனமோ பனகலாரிடம் போயிற்று.

அதற்காக அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. அது சொத்துள்ளவர்களின் சபை. கூலி விவசாயிக்கு ஓட்டில்லை. 'பிராமணரல்லாதார்' என்ற சொல் அந்த ஆளைப் பேச்சில் சேர்த்துக்கொண்டு வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தியது. 1921 ஏப்ரலில் பெண்களுக்கு வாக்குரிமை தரச் சபை முடிவு செய்தது; இந்திய மாகாணங்களில் அதுவே முதல். ஆனால் அந்தப் பெண்ணும் சொத்துள்ளவளாக இருக்க வேண்டும். அதே ஆண்டு பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கி எந்தப் பட்டியலில் இருந்தது என்பது தொழிலாளிக்குத் தெரிந்தது. உடல்நலக் காரணத்தால் ரெட்டியார் ஜூலை 11இல் விலகினார், நவம்பரில் இறந்தார்.

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கிராமங்கள் போயின, நகரியம் வந்தது. அதன் சாலையும் தண்ணீரும் விளக்கும் நிறுவனத்தின் நகர நிர்வாகத்திடம். சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறோம். 2011 முதல் நெய்வேலி பெயரிலேயே தொகுதி உண்டு. வார்டு கவுன்சிலர் மட்டும் கிடையாது. 'தொழில் நகரியம்' என்றால் நகராட்சி வேண்டாம் என்று 74ஆவது திருத்தமே வழி விட்டிருக்கிறது. நிலம் அன்று போலவே எட்டாத பட்டியலில். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தோமே!

ரெட்டியார் காலத்தில் நிலம் எட்டவில்லை. ஜில்லா போர்டாவது எட்டியது. வக்கீல் ஒருவர் கிணறு, பள்ளி, ரோடு என்று மல்லுக்கட்டி மாகாண ஆட்சிவரை போக ஒரு படி இருந்தது. நெய்வேலி நகரியத்தில் அந்த முதல் படியே இல்லை. நிலத்துக்காகப் போராடுகிற நாம் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: தெருவிளக்கு எரியாவிட்டால் இங்கே யாரைத் தோற்கடிப்பது?