ஒரே செடி, இரு நிறங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய வணிகர்கள் சீனத்தின் கான்டன் துறைமுகத்தில் பச்சைத் தேயிலையையும் கறுப்புத் தேயிலையையும் தனித்தனிச் சரக்குகளாக வாங்கிக் கப்பலேற்றினார்களே தவிர, அவை விளைந்த மலைகளுக்குள் நுழைய வழியில்லாதவர்களாக இருந்தனர். இரண்டும் வெவ்வேறு செடிகளின் இலைகள் என்ற எண்ணம் அதனால் எளிதில் வேரூன்றியது. 1753-இல் தேயிலையை ஒரே இனமாகப் பதிவுசெய்திருந்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸே, 1762-இல் அதைப் பச்சைக்கு 'தேயா விரிடிஸ்' என்றும் கறுப்புக்கு 'தேயா பொஹியா' என்றும் இரண்டாகப் பிரித்தார். 1840-களில் ஸ்காட்லாந்தின் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தோட்டங்களுக்கே சென்று பார்த்து, ஒரே செடியின் கொழுந்திலிருந்து இருவகைத் தேயிலையும் ஆக்கப்படுவதை எழுதினார். சீனத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் கைகளால் செய்துவந்த ஒன்றை அவருடைய கண்டுபிடிப்பு என்பது நியாயமாகாது.

அந்தக் கைகள் உண்மையில் எதை மாற்றின என்பது தெரிய மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. தாவரங்களின் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் காரணமான ஃபிளவனாய்டுகள் என்னும் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்த கேட்டச்சினை, ஜப்பானின் மிச்சியோ சுஜிமுரா 1929-இல் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார். 1932-இல் அந்நாட்டின் முதல் பெண் வேளாண் முனைவர் ஆனவரும் அவரே. நிறமற்ற இந்தக் கேட்டச்சின்கள் செல்லின் நீர்மப் பகுதியில் உருவானதும் அங்கேயே தங்குவதில்லை. செல்லின் நடுவே, மெல்லிய சவ்வால் சூழப்பட்டுச் சேமிப்பறைபோல் அமைந்த வாக்குவோல் என்னும் நீர்ப்பைக்குள், சவ்வில் பதிந்துள்ள கடத்திப் புரதங்கள் அவற்றைக் கொண்டுசேர்க்கின்றன. கேட்டச்சினை ஆக்சிஜனோடு சேர்த்து நிறமாக்கவல்ல பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதியோ, சவ்வுக்கு வெளியே பசுங்கணிகங்களில் இருக்கிறது. செடியில் இருக்கும்வரை இலை பச்சையாகவே நிற்பதற்கு இந்தப் பிரிவினை ஒரு முக்கியக் காரணம்.

கொழுந்தை வாட்டி, உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தி உருட்டும்போது அந்தச் சவ்வு கிழிகிறது. நொதியும் கேட்டச்சினும் கலக்க, இலை செம்பழுப்பாகிறது. தொழிலில் இதைப் புளிக்கவைத்தல் என்றே அழைத்துவந்தாலும், நுண்ணுயிர்களுக்கு இதில் முதன்மைப் பங்கு இல்லை. சீனத்தில் சூடான வாணலியில் வறுத்தும், ஜப்பானில் ஆவியில் வேகவைத்தும் நொதியை முன்னரே செயலிழக்கச் செய்வதால்தான் பச்சைத் தேயிலை பச்சையாகவே நிலைக்கிறது. நொதியும் கேட்டச்சினும் கலப்பதால் பிறக்கும் பொன்னிறத் தியாஃப்ளாவினையும் செம்பழுப்புத் தியாரூபிஜினையும் ஈ.ஏ.எச். ராபர்ட்ஸ் 1950-களில் வகைப்படுத்தினார். ஒரு குவளைக் கறுப்புத் தேநீரின் நிறம் இவ்விரண்டிலிருந்தே பெரிதும் கிடைக்கிறது.

நீர்ப்பையில் சேர்வது கேட்டச்சின் மட்டுமன்று. ஆந்தோசயனின் என்னும் ஊதா நிற ஃபிளவனாய்டு மிகுதியாகச் சேர்ந்தால், செடியில் இருக்கும்போதே கொழுந்து ஊதாவாகிறது. எட்டாம் நூற்றாண்டில் தேயிலையைப் பற்றித் தனிநூல் எழுதிய லூ யூ, ஊதாக் கொழுந்தை முதலிடத்திலும் பச்சையை அதற்கு அடுத்தும் வைத்தார். பிற்கால வணிகம் அந்த வரிசையைப் பெரும்பாலும் மறந்துபோனது. சீனத்தின் யுன்னான் மாகாணத்தில் 1985-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 'சிஜுவான்' வகையும், 2011-இல் கென்யா தன் உழவர்களுக்கு வெளியிட்ட ஊதாத் தேயிலை வகையும் அந்தக் கொழுந்தைத் தோட்டங்களுக்கு மீண்டும் கொண்டுவந்திருக்கின்றன.