உயர்கல்வியும் எழுத்துப் பயிற்சியும்: கல்முனைக் கரையை முன்னிறுத்தி ஒரு நோக்கு

கல்லூரி மாணவர்க்கு எழுத்துப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் வழக்கம் அத்துணைப் பழமையானதன்று. அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகம் 1885 ஆம் ஆண்டில் முதலாண்டு மாணவர் அனைவருக்கும் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியை விதித்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர்க்கே அது வேண்டப்பட்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

இலங்கையில் நிலைமை வேறாக அமைந்தது. 1942 இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் போதனா மொழி ஆங்கிலமே. 1943 இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலானந்தர் கல்முனைக்கு அயலிலுள்ள காரைதீவில் பிறந்தவர். 1960 அளவில் கலைப் பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் போதிக்கப்படலாயின. தமிழ்வழி கற்ற கரையோர முஸ்லிம் மாணவர்க்கும் இதனால் உயர்கல்வியின் வாயில் அகன்றது. வரலாற்றையும் பொருளியலையும் தமிழிலேயே எழுதும் கடமையும் உடன் வந்தது. ஆங்கிலம் கற்பிக்கத் தனி ஏற்பாடுகள் எழுந்தன. தாய்மொழியோ தானே வந்துவிடும் என எண்ணப்பட்டது.

இவ்வெண்ணம் பொருந்துமா? தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறுவேறானவை. கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீட்டில் வழங்கும் தமிழ், அறபுச் சொற்களும் வட்டார வழக்குகளும் கலந்த வளமான மொழி. அது குறையன்று, எனினும் ஆய்வுரைநடை அதனின்று தானாகப் பிறப்பதில்லை. கல்முனைக்குடியிற் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான் 1999 இல் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ நூலில் தற்கால எழுத்துத் தமிழை விளக்கினார். தாய்மொழியாயினும் அதன் எழுத்து வழக்கை முயன்று கற்கவேண்டும் என்பதற்கு அந்நூலின் தேவையே சான்று. இலக்கணம் மட்டும் போதாது. சான்றை நிறுத்தல், பிறர் கருத்தைத் தன் கருத்தினின்று பிரித்தல், முடிபுக்குக் காரணம் காட்டல் ஆகியனவும் பயிலப்பட வேண்டியவை.

1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தொடங்கி, 1996 இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. உயர்கல்வி இவ்வாறு ஊருக்கே வந்தபின், எழுதக் கற்பிக்கும் பொறுப்பைப் பாடசாலையிடமே விட்டுவிடல் தகாது.

கட்டாயப் பாடம் வெறுஞ் சடங்காகிவிடும் என்பர் சிலர். சொல்வதெழுதுவதும் மனனஞ்செய்வதுமாக அது அமையின் அவ்வச்சம் உண்மையே. மாறாக, மாணவர் எழுதியதை ஆசிரியர் திருத்தி, மீண்டும் எழுதப் பணிப்பதாயின் பயன் மிகும். தேர்வுகள் யாவும் எழுத்தாற்றலை அளக்கின்றன. கற்பியாததை அளப்பது நீதியன்று. விரிவுரைக் குறிப்பைத் திருப்பி எழுதுவோன் பட்டம் பெறலாம். தன் கருத்தைத் தானே எழுதக் கற்றவனே கல்வி பெற்றவனாவான்.